முதியோர் இல்லத்தின் காற்று

சளிக்காய்ச்சல் கிருமிகளுக்குப் பெயர் வைப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வகை, பிறகு கிடைத்த ஊர், அதன்பின் மாதிரியின் எண், கடைசியில் ஆண்டு. அந்த ஒழுங்கில் 'ஏ/சிங்கப்பூர்/1/57' என்று ஒரு கிருமி இருக்கிறது. 1957இல் உலகத்தைச் சுற்றி வந்த 'ஆசியக் காய்ச்சல்' பெருந்தொற்றின் அடையாளக் கிருமிகளில் ஒன்று. அந்தத் தொற்றால் இறந்தவர்கள் ஒரு மில்லியனுக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

அந்தக் காய்ச்சல் பிறந்த இடம் சிங்கப்பூர் அல்ல. 1957இன் தொடக்கத்தில் சீனாவில் பரவி ஏப்ரலில் ஹாங்காங் வந்தது. சீனா அப்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு வலைக்கு வெளியே இருந்தது. அதனால் மே மாதத் தொடக்கத்தில் சிங்கப்பூர் அனுப்பிய தகவல்தான் நிறுவனத்தைத் தட்டி எழுப்பியது. மலாயாவில் மெர்டேக்காவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. மே மாத நடுவில் இங்கிருந்து போன ஒரு பயணிகள் கப்பல் காய்ச்சலைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கியது. ரஜூலா போன்ற கப்பல்கள் ஓடிய அதே கடற்பாதை. நம் தாத்தாக்கள் எந்த வழியில் வந்தார்களோ அந்த வழியில் கிருமி திரும்பிப் போயிருக்கிறது.

இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. அப்போது இங்கே கிழவர்களும் கிழவிகளும் எங்கே இருந்தார்கள்? 1957 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் மக்களில் பத்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் 15 வயதுக்குட்பட்டவர்கள். முதுமை என்பது அன்று அரசாங்கம் திட்டம் போடும் அளவுக்குப் பெரிய விஷயமே இல்லை. குடும்பம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தார்கள். இல்லாதவர்களில் சிலர் அறநிறுவனங்களில் இருந்தார்கள். சீனக் கூலிகளாக வந்து தனியாகவே வயதானவர்களுக்குச் சைனாடவுனில் சாகோ லேன் இருந்தது. சாவுக்காகக் காத்திருப்பவர்களைப் படுக்க வைக்கும் வீடுகள் அந்தத் தெருவில் இருந்தன. மாடியில் படுக்கை, கீழே சடங்கு. 1961இல்தான் அவை தடை செய்யப்பட்டன. சளிக்காய்ச்சல் அந்த மாடிகளுக்கு ஏறியதா இறங்கியதா என்று எந்தப் பதிவையும் நான் பார்த்ததில்லை. சாவதற்காகவே வந்தவர் எதனால் செத்தார் என்று யார் கேட்டிருப்பார்கள்?

ஆனால் அதே கிருமி அதே பருவத்தில் பசிபிக் கடலின் மறுகரையில் நெடுநாள் நோயாளிகள் படுத்திருந்த ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்தது. அங்கே எண்ணுவதற்கு ஆள் இருந்தது.

*

கலிபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை. நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் தங்கியிருந்தவர்கள் அதன் நோயாளிகள். பெரும்பாலும் காசநோய்க்காரர்கள். இன்றைய தாதிமை இல்லத்துக்கு மிக நெருக்கமான ஓர் இடம் அது. ஒரே கூரை, ஒரே உணவு, நிரந்தரமாகப் படுத்திருப்பவர்கள், வந்து போகும் ஊழியர்கள்.

அங்கே ஒரு பகுதியின் வார்டுகளில் மட்டும் புறஊதா விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. ஆள் உயரத்துக்கு மேலே, கூரையை ஒட்டி. கீழே இருப்பவர்களின் கண்ணிலும் தோலிலும் படாதபடி ஒளி மேல்பகுதியில் மட்டும் பரவும். மனித உடலின் சூட்டில் காற்று மேலே எழும். இருமலோடும் மூச்சோடும் வந்த நுண்துளிகள் அந்தக் காற்றோடு மேலே போகும். ஒளி பட்டுக் கிருமி செயலிழக்கும். குளிர்ந்த காற்று மறுபடி கீழே இறங்கும். பம்ப் இல்லை, குழாய் இல்லை. ஓர் இயந்திரப் பொறியாளன் பார்த்தாலும் பொறாமைப்படும் அளவுக்கு எளிமை.

1957-58 பெருந்தொற்று வந்து போனபின் இரண்டு பகுதி நோயாளிகளின் இரத்தத்தையும் சோதித்தார்கள். விளக்கு இல்லாத பகுதியில் 396 பேரில் 75 பேருக்குத் தொற்று, அதாவது 19 விழுக்காடு. விளக்கு இருந்த பகுதியில் 209 பேரில் 4 பேர், 2 விழுக்காடு. ஆய்வை நடத்திய ரோஸ் மெக்லீன் இதை 1961இல் வெளியிட்டார்.

இந்த எண்களை முதலில் பார்த்தபோது நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குக் காரணமும் உண்டு. இது சீட்டுப் போட்டு ஆட்களைப் பிரித்த சோதனை அல்ல. இரண்டு பகுதி நோயாளிகளும் எல்லா வகையிலும் ஒத்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஒரு மருத்துவமனை, ஒரு பருவம். ஆனாலும் இந்த அளவு வித்தியாசம் வந்தால் அடுத்த ஆண்டே பத்து இடங்களில் திரும்பச் செய்து பார்த்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

*

இந்த விளக்கின் பின்னால் இருந்த சிந்தனை வில்லியம் ஃபர்த் வெல்ஸ் என்பவருடையது. மருத்துவர் அல்ல. சுகாதாரப் பொறியியல்காரர். 1930களில் அவர் சொன்னது இது: இருமும்போது வரும் பெரிய துளிகள் சீக்கிரம் தரையில் விழும். சிறிய துளிகள் விழுவதற்கு முன்பே காய்ந்து மிதக்கும் துகள்களாகிவிடும். அவை அறை முழுக்கச் சுற்றும். அவரும் அவருடைய மனைவி மில்ட்ரெட் வெல்ஸும் பள்ளிக்கூடங்களில் புறஊதா விளக்கு வைத்துத் தட்டம்மை பரவலைக் குறைத்துக் காட்டினார்கள். பிறகு மற்ற ஊர்ப் பள்ளிகளில் செய்த சோதனைகள் அவ்வளவு நன்றாக அமையவில்லை. வகுப்பறையில் காற்றைச் சுத்தம் செய்தாலும் பிள்ளைகள் பேருந்திலும் வீட்டிலும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டார்கள். 'காற்று வழியாகப் பரவும்' என்ற கருத்துக்கு மருத்துவ உலகில் மதிப்பு இறங்கியது. நாற்றம் பிடித்த காற்றால் நோய் வருகிறது என்ற பழைய நம்பிக்கையை விரட்டிக் கிருமிக் கொள்கையை நிலைநாட்ட மருத்துவம் படாதபாடு பட்டிருந்தது. மறுபடியும் காற்றைப் பற்றிப் பேசுவது பலருக்குப் பின்னோக்கிப் போவதாகத் தோன்றியது.

அதே நேரத்தில் காசநோய்க்கு மாத்திரைகள் வந்தன. சளிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி வந்தது. 1966இல் அமந்தடின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாத்திரையும் ஊசியும் இருக்கும்போது கட்டடத்தை யார் தொடுவார்கள்? விளக்குகளுக்குச் செலவு, பராமரிப்பு, கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம். லிவர்மோர் ஆய்வு அலமாரிக்குப் போனது. அமந்தடினோ கிருமி பழகிக்கொண்டதால் 2006 வாக்கில் சளிக்காய்ச்சலுக்குப் பயன்படாத மருந்தாகிவிட்டது.

நடுவில் ஒரு சம்பவம் காற்றை நினைவூட்டியது. 1977இல் அலாஸ்காவில் ஒரு போயிங் 737 இயந்திரக் கோளாறால் ஓடுபாதையிலேயே நின்றுவிட்டது. உள்ளே 54 பேர். அவர்களில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சல். நாலரை மணி நேரம்வரை காத்திருந்தவர்கள் உண்டு. அதில் இரண்டு மூன்று மணி நேரம் காற்றோட்டக் கருவி அணைந்திருந்தது. மூன்று நாளுக்குள் 72 விழுக்காட்டினர் படுத்துவிட்டார்கள். கைகழுவாததாலும் ஒரே கைப்பிடியைத் தொட்டதாலும் மட்டும் இவ்வளவு பேருக்கு வந்தது என்று சொல்வது கஷ்டம். ஆனாலும் இதுவும் 'விமானம் விசேஷமான இடம்' என்ற கணக்கில் போய்விட்டது.

விமானம் நாலரை மணி நேரம். ஒரு தாதிமை இல்லத்தின் பொது அறையில் ஒரு பாட்டி எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

*

பாதுகாப்பு வேறு திசையில் தேடப்பட்டது. முதியவர்களுக்குத் தடுப்பூசி போட்டாலும் அவர்கள் உடல் இளைஞர்களின் உடல் அளவுக்கு எதிர்ப்பாற்றலை உருவாக்குவதில்லை. அப்படியென்றால் அவர்களைத் தொட்டுத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவர்களுக்கு ஊசி போட்டால் என்ன? ஸ்காட்லாந்தில் இதைச் சோதித்தார்கள். முதியோருக்கான 20 நெடுநாள் பராமரிப்பு மருத்துவமனைகள். பாதியில் ஊழியர்களுக்குத் தடுப்பூசி கொடுக்க முன்வந்தார்கள், பாதியில் இல்லை. 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் முடிவு வந்தது. ஊசி கொடுக்கப்பட்ட இடங்களில் அந்தப் பருவத்தில் இறந்த முதியோர் 13.6 விழுக்காடு, கொடுக்கப்படாத இடங்களில் 22.4.

இதிலும் ஒரு சிக்கல். முதியவர்களிடம் மாதிரி எடுத்துப் பார்த்தபோது கிருமி கண்ட விகிதத்தில் இரு பக்கமும் பெரிய வேறுபாடு இல்லை. பிறகு எப்படி மரணம் மட்டும் குறைந்தது? இன்றுவரை இதைப் பற்றி வாதம் நடக்கிறது. எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது வேறு. ஊசி இலவசமாகக் கிடைத்த இடத்திலும் ஊழியர்களில் பாதிப் பேர்தான் போட்டுக்கொண்டார்கள். கொடுக்கப்படாத இடத்தில் நூற்றுக்கு ஐந்து பேர். அதுவரை இல்லத்தின் நலம் என்றால் உள்ளே இருப்பவர்களின் நலம். தூக்குகிறவரின் உடம்பும் அந்தக் கணக்கில் சேரும் என்று பேச்சு எழுந்தது ஏறக்குறைய அப்போதுதான்.

*

2003இல் சார்ஸ் வந்தது. சிங்கப்பூரில் 238 பேருக்கு நோய், 33 மரணம். அதற்குப் பிறகுதான் நிறங்களால் எச்சரிக்கும் டோர்ஸ்கோன் முறை வந்தது. ஹாங்காங்கில் சார்ஸ் முதியோர் இல்லங்களுக்குள்ளும் நுழைந்ததால் அந்த அரசு விரிவாகத் திட்டம் போட்டது. ஒவ்வோர் இல்லத்திலும் தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். முகக்கவசம் கையிருப்பில் இருக்க வேண்டும். ஒத்திகை நடக்க வேண்டும்.

பறவைக் காய்ச்சல் பயம் ஏறிய 2006இல் அமெரிக்க அரசு, நெடுநாள் பராமரிப்பு இல்லங்களுக்கென்றே பெருந்தொற்று ஆயத்தப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. முந்தைய ஆண்டுதான் கத்ரீனா புயல் வெள்ளத்தில் லூசியானாவின் ஒரு தாதிமை இல்லத்தில் 35 பேர் மூழ்கி இறந்திருந்தார்கள். அதனால் அந்தத் தலைமுறை அதிகாரிகளுக்கு 'முதியோர் இல்லம்' என்ற சொல் சும்மா வரவில்லை. பொறுப்பாளர் யார், மருத்துவமனையோடு தொடர்பு எப்படி, ஊழியர் பாதிப் பேர் வராவிட்டால் என்ன செய்வது, மருந்தும் கையுறையும் எவ்வளவு, சடலங்களை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். செய்தாயிற்று, நடக்கிறது, தொடங்கவில்லை.

நல்ல பட்டியல்தான். அலுவலகத்தில் நானும் இப்படிப்பட்ட பட்டியல்களோடுதான் வாழ்கிறேன். கட்டத்தில் டிக் அடிப்பதன் சுகம் எனக்குத் தெரியும். ஆனால் அடுத்து வந்த பெருந்தொற்று இந்தத் தயாரிப்பைச் சோதிக்கவே இல்லை. 2009இன் எச்1என்1 முதியவர்களை ஒப்பளவில் விட்டுவைத்தது. 60 வயதைத் தாண்டிய பலருடைய உடலில், இளமையில் வந்த பழைய காய்ச்சல்களின் நினைவு எதிர்ப்பாற்றலாக இருந்தது. 1918இலும் ஏறக்குறைய இப்படித்தான். அந்தக் காய்ச்சல் உலகெங்கும் 20 முதல் 40 வயதுக்காரர்களை அதிகமாகக் கொன்றது. இங்கே ரப்பர் தோட்டங்களில் நம் ஆட்கள் விழுந்ததும் வேலை செய்யும் வயதில்தான். சளிக்காய்ச்சல் ஒவ்வொரு முறையும் ஒரே வயதுக்காரர்களைத் தேடி வருவதில்லை. 2009இல் இல்லங்கள் தப்பித்தன. தயாரிப்பு வேலை செய்தது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

*

2020 பிப்ரவரி கடைசி. வாஷிங்டன் மாநிலத்தின் கெர்க்லண்ட் நகரில் ஒரு தாதிமை இல்லம். காய்ச்சலும் இருமலுமாகப் பலர் படுத்தபோது முதலில் சந்தேகப்பட்டது சளிக்காய்ச்சலைத்தான். சோதனையில் இல்லை என்று வந்தது. மார்ச் 18க்குள் அங்கே தங்கியிருந்தவர்கள் 101 பேர், ஊழியர் 50 பேர், வந்து பார்த்தவர்கள் 16 பேர் கோவிட் தொற்றாளர்கள். தங்கியிருந்தவர்களில் மூவரில் ஒருவர் இறந்தார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் உள்ளூர் அதிகாரிகளும் எழுதிய அறிக்கையில் காரணங்கள் இருந்தன. அறிகுறியோடு வேலைக்கு வந்த ஊழியர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்தவர்கள். பாதுகாப்பு உடைப் பற்றாக்குறை.

அறிகுறியோடு ஏன் வேலைக்கு வந்தார்கள்? ஏன் இரண்டு இடத்தில் வேலை? ஒரு சம்பளத்தில் வீட்டு வாடகை கட்ட முடியாது, எம்சி எடுத்தால் அன்றைய கூலி இல்லை. இதற்கு ஆய்வு தேவையில்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டது. மார்ச் மாதமே 'ஒரு ஊழியர், ஓர் இல்லம்' என்று ஆணையிட்டுச் சம்பளத்தையும் சமன்செய்தது. நாடு முழுவதும் அப்படி நடக்கவில்லை. முதல் அலையில் கனடாவின் கோவிட் மரணங்களில் ஐந்தில் நான்கு பங்கு பராமரிப்பு இல்லவாசிகளுடையது.

சிங்கப்பூர் வேறு மாதிரி செய்தது. மார்ச் இறுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் தொற்று தெரிந்தவுடன், ஏப்ரல் 2 முதல் எல்லா இல்லங்களிலும் பார்வையாளர்களை நிறுத்தியது. இல்லங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி ஊழியர் இன்னொரு பகுதிக்குப் போகாமல் வைத்தது. ஊழியர்களை இல்லத்திலேயோ ஹோட்டல்களிலோ தங்க வைத்தது. மியன்மாரிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த தாதியர் பலர் வாரக்கணக்கில் வேலை, ஹோட்டல் அறை, வேலை என்று இருந்தார்கள். உயிர்கள் தப்பின. விலையும் இருந்தது. மகன் முகத்தை டேப்லெட் திரையில் மட்டும் பார்த்த ஒரு தாத்தாவுக்கு, ஞாபகம் மங்கிய நிலையில், அந்தச் சதுரத்துக்குள் இருப்பவன் யார் என்று எப்படிப் புரியும்?

ஹாங்காங்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. சார்ஸின் பாடத்தை அதைவிட ஒழுங்காகக் கற்றவர்கள் குறைவு. பொறுப்பாளர், கையிருப்பு, ஒத்திகை எல்லாம் இருந்தன. 2020, 2021 இரண்டு ஆண்டும் பெரும்பாலும் தாக்குப்பிடித்தார்கள். 2022 பிப்ரவரியில் ஒமிக்ரான் வந்தது. சில வாரங்களில் ஆயிரக்கணக்கான மரணங்கள், அதில் பாதிக்கும் மேல் முதியோர் இல்லவாசிகள். முதியவர்களில் தடுப்பூசி போட்டவர்கள் குறைவாக இருந்தது முதல் காரணம். இரண்டாவது இடம். அன்றைய சட்டப்படி ஒருவருக்குக் குறைந்தது 6.5 சதுர மீட்டர் இருந்தால் போதும். பல இல்லங்கள் பழைய கட்டடங்களின் மாடிகளில், கூரைவரை எட்டாத தடுப்புகளால் பிரித்த படுக்கைகளோடு இயங்கின. தடுப்புக்கு மேலே காற்று ஒன்றுதான். பட்டியலில் எல்லாக் கட்டத்துக்கும் டிக் இருக்கலாம். தடுப்புக்கு மேலே என்ன நடக்கிறது என்று கேட்கும் கட்டம் இல்லை.

இதில் இல்லம் நடத்துபவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2020 மார்ச் 28 அன்று கோவிட் காற்றுவழி நோய் அல்ல என்று உலகச் சுகாதார நிறுவனமே பெரிய எழுத்தில் அறிவித்தது. ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா முதலிய 239 விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நிறுவனம் மெல்ல மெல்ல மாறியது. வெல்ஸ் சொன்னதற்கும் அதற்கும் நடுவில் எண்பது ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தது.

*

இனி நம் ஊர்.

மலேசியாவில் முதியோர் இல்லம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது தாமானில் இருக்கும் ஒரு இரட்டைமாடி வீடு. முன்னால் சிறிய பலகை, கேட்டில் பூட்டு, ஹாலில் வரிசையாகக் கட்டில். சமூகநல இலாகா நடத்தும் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் போவது தனியார் இல்லங்களுக்கு. 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம் சமூகநல இலாகாவின் கையில். மருத்துவப் பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கென 2018ஆம் ஆண்டின் 802ஆம் சட்டம் சுகாதார அமைச்சின் கையில். இரண்டுக்கும் வெளியே பதிவே இல்லாமல் நடக்கும் இல்லங்களும் பல.

நான் குளிரூட்டிகளும் காற்றோட்டமும் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் என் கண் கூரைக்குத்தான் முதலில் போகும். 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளில் ஒரு வரி இருக்கிறது. வீட்டின் அறையில் காற்று வர, தரைப்பரப்பில் குறைந்தது 5 விழுக்காடு திறப்பு வேண்டும். மருத்துவமனையில் நோயாளி தங்கும் அறைக்கு 7.5 விழுக்காடு. நோயாளிக்கு அதிகக் காற்று தேவை என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் பதினைந்து படுக்கையைப் போட்டால், சுவரில் இருக்கும் திறப்பு அந்தப் பழைய 5 விழுக்காடுதான். தொடர்வீட்டுக்கு இரண்டு பக்கம் பொதுச் சுவர். காற்று வரவும் போகவும் முன்னாலும் பின்னாலும் மட்டுமே வழி. பின்பக்கத்தைச் சமையலறைக்காக நீட்டிக் கட்டியிருந்தால் அதுவும் அடைந்துவிடும்.

என் பாட்டி கடைசி இரண்டு ஆண்டு இப்படி ஓர் இல்லத்தில் இருந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டில் பலகைச் சுவர் இடுக்கு வழியாகவே காற்று வரும் என்பார். இல்லத்தில் ஹாலில் எட்டுக் கட்டில், ஒரு ஸ்பிளிட் ஏர்கோன். ஸ்பிளிட் ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே எடுத்துக் குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. குளிர்ந்தால் சுத்தமாகிவிட்டது என்று உடம்பு ஏமாந்துவிடும். ஒருநாள் கரியமில வாயு அளக்கும் சிறு கருவியைக் கொண்டுபோய் பாட்டியின் கட்டிலருகே வைத்தேன். வெளியே 400 சொச்சம் காட்டிய கருவி அங்கே ஆயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. மற்றவர்கள் விட்ட மூச்சை எவ்வளவு திரும்ப இழுக்கிறோம் என்பதற்கு அது ஒரு தோராயக் கணக்கு.

இல்லத்தை நடத்திய ஆன்ட்டியிடம் சொன்னேன்.

"ஜன்னலைத் தொறந்து வைக்கலாம் தம்பி. கொசு வந்தா யாரு பார்ப்பா? போன வருஷம் ஒருத்தருக்கு டெங்கி. மழை அடிச்சா கட்டில் நனையும். புகைமூட்டம் வந்தா எல்லாருக்கும் இழுக்கும். ஏர்கோன் இல்லாட்டி வெந்து போயிடுவாங்க."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அவர் கெட்டவர் அல்ல. மாதக் கட்டணத்தில் இரண்டு காகாக்குகளுக்குச் சம்பளமும் வீட்டு வாடகையும் டயப்பரும் போக மீதியில் அவர் வாழ வேண்டும். அந்தக் காகாக்குகளில் ஒருவர் இரவில் அந்த ஹாலிலேயே பாய் விரித்துப் படுப்பார். தொற்று வந்தால் முதலில் சுவாசிக்கப் போவது அவர்தான். நம்முடைய தயாரிப்புப் பேச்சுகளில் அவர் பெயர் வந்து நான் கேட்டதில்லை.

அதனால் 'ஜன்னலைத் திறங்கள்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. செய்யக்கூடியவை உண்டு. பின்சுவரில் ஒரு வெளியேற்று விசிறி வைத்தால் முன்பக்கத்திலிருந்து காற்று தானாக உள்ளே வரும். ஜன்னலுக்குக் கொசுவலை. புகைமூட்ட நாட்களுக்கு நல்ல வடிகட்டி போட்ட காற்றுச் சுத்திகரிப்பான். 2020இல் அமெரிக்காவில் பரவிய முறைப்படி நான்கு வடிகட்டிகளையும் ஒரு விசிறியையும் பெட்டியாக ஒட்டினாலே கணிசமான வேலை செய்யும். கூரை உயரம் போதுமான இடத்தில், சரியாகப் பொருத்தத் தெரிந்தவர் பொருத்தினால், லிவர்மோரின் விளக்கு. இவை எவையும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 2023இல் ஏஷ்ரே என்ற பொறியாளர் அமைப்பு, தொற்றுக் காலத்தில் ஒரு கட்டடத்தில் ஓர் ஆளுக்கு எவ்வளவு சுத்தக் காற்று தேவை என்று 241 என்ற தரவிதியையே வெளியிட்டுவிட்டது. நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அறையில் எத்தனை பேர் என்று கேட்டுச் சூட்டைத்தான் கணக்குப் போட்டோம். இப்போது அதே எண்ணிக்கையை வைத்து மூச்சையும் கணக்குப் போடலாம்.

காற்று மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. விஸ்கான்சினில் முன்னாள் படைவீரர் இல்லம் ஒன்றில், முழுக்க வெளிக்காற்று ஊட்டப்பட்ட புதிய கட்டடத்தில் சளிக்காய்ச்சல் மற்றக் கட்டடங்களைவிட மிகக் குறைவாக இருந்ததை 1990களில் பதிவு செய்தார்கள். அதுவும் ஒரே பருவத்தின் கணக்கு. அதை மட்டும் பிடித்துக்கொண்டு தடுப்பூசியை விட்டுவிட முடியாது. ஹாங்காங் அதைத்தான் காட்டுகிறது. ஊழியர் காய்ச்சலோடு வீட்டில் படுக்கக் கூலியோடு விடுப்பு வேண்டும். கெர்க்லண்ட் அதைக் காட்டுகிறது. ஊசி, கூலி, காற்று மூன்றும் சேர்ந்ததுதான் ஆயத்தம். முதல் இரண்டுக்கு ஓரளவு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதற்கு எங்கள் தொழில்காரர்களாவது பேச வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. காற்றைக் கவனிக்காத ஆயத்தத்துக்குக் கடைசியில் மிஞ்சும் ஒரே கருவி கதவு. மூடு, யாரையும் விடாதே. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாங்கள் பாட்டியை கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். காகாக் சக்கர நாற்காலியை வாசல்வரை தள்ளி வந்தார். பாட்டிக்குக் காது கேட்காது. முகக்கவசம் போட்டிருந்ததால் வாயசைவும் தெரியாது. அம்மா கத்திக் கத்திப் பேசினார், பாட்டி காகாக்கைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு அந்தக் கதவை மூடியது சரி. வேறு வழி இல்லை. ஆனால் அடுத்த முறையும் வேறு வழி இல்லாமல் இருப்பது நாம் தேர்ந்தெடுப்பது.

சிங்கப்பூரில் இன்று குடிமக்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். மலேசியா அந்தப் பாதையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. தாமான்களில் பலகைகள் கூடுகின்றன. 1957 கிருமியின் சந்ததி 1968இல் உருமாறி வந்தது. அதன் வாரிசு இன்னும் ஒவ்வோர் ஆண்டும் நம் கிளினிக்குகளுக்கு வருகிறது. அடுத்தது எந்த ஊர்ப் பெயரில் வரும், எந்த வயதைக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த ஹாலில் எத்தனை கட்டில், எத்தனை ஜன்னல், அதில் எத்தனை திறக்கும் என்பதை இன்றே எண்ணிவிடலாம். உங்கள் தாத்தாவோ பாட்டியோ இருக்கும் இல்லத்துக்கு இந்த வாரம் போகிறீர்கள் என்றால், பழத்தோடு ஒரு கொசுவலையும் வாங்கிக்கொண்டு போங்கள். காகாக்கிடம் எம்சி எடுத்தால் சம்பளம் உண்டா என்றும் கேளுங்கள்.